பன்னாட்டு நிறுவனங்களின் வரி தவிர்ப்பு: வளரும் நாடுகளால் எதைத் தடுக்க முடிந்தது, எதில் திணறுகின்றன?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டில் சுரங்கம் தோண்டி, சரக்கு விற்று, கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் பன்னாட்டு நிறுவனம் அங்கே பேருக்குத்தான் வரி கட்டுகிறது. பண பலமும் ஆள் பலமும் குறைந்த வளரும் நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? உண்மையிலேயே அவற்றால் ஏதாவது செய்ய முடிகிறதா?

முடிகிறது. ஆனால் எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்ததை வைத்துப் பார்த்தால், எளிதில் வளைக்க முடியாத எளிய விதிகளை வைத்துக்கொண்டு, ஒரு வழக்கைப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனாலும் விடாமல் நடத்தக்கூடிய அதிகாரிகளையும் வளர்த்துக்கொண்ட நாடுகளுக்குத்தான் பணம் வந்திருக்கிறது. பணக்கார நாடுகளின் நுணுக்கமான விதிப்புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்ட நாடுகளும், கோபத்தில் கணக்கில்லாத தொகைக்கு நோட்டீஸ் அனுப்பிய நாடுகளும் திணறியிருக்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், பணம் எப்படி வெளியே போகிறது என்று பார்த்துவிடலாம். கள்ளக் கணக்கு எழுதுவதும் வருமானத்தை மறைப்பதும் வரி ஏய்ப்பு, அது குற்றம். நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை. சட்டத்தின் எழுத்தை மீறாமல், லாபத்தை மட்டும் வரி குறைந்த நாட்டுக்கு நகர்த்துவதைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு நாட்டில் ஒரு தாமிரச் சுரங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டன் தாமிரம் எடுக்க 4,500 டாலர் செலவு. சந்தை விலை 6,000 டாலர். நியாயமாக லாபம் 1,500. 30 சதவீத வரி என்றால் அரசுக்கு 450 டாலர். ஆனால் சுரங்கம் அந்தத் தாமிரத்தைச் சந்தையில் விற்பதில்லை. அதே குழுமத்துக்குச் சொந்தமான, வரி குறைந்த நாட்டில் இருக்கும் வணிக நிறுவனத்துக்கு 4,800 டாலருக்கு விற்கிறது. சுரங்கத்தின் கணக்கில் லாபம் 300தான். வரி 90 டாலர். மீதி 1,200 டாலர் லாபம் வெளிநாட்டுச் சகோதர நிறுவனத்தின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். தாமிரம் அந்த வழியாகப் போயிருக்கவே போயிருக்காது. கப்பல் நேராக வாங்குபவரின் துறைமுகத்துக்குப் போயிருக்கும். விலைப்பட்டியல் மட்டும்தான் சுற்றி வரும். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் எடுத்தால் அரசுக்கு இழப்பு 3.6 கோடி டாலர்.

சரக்கு விலை ஒரு வழிதான். தாய் நிறுவனம் தன் பெயரைப் பயன்படுத்துவதற்கு ராயல்டி கேட்கும், 'நிர்வாகச் சேவை'க்குக் கட்டணம் கேட்கும், முதலீடாகப் போட வேண்டிய பணத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கும். ஒவ்வொன்றும் உள்ளூர் நிறுவனத்தின் கணக்கில் செலவு. செலவு கூடினால் லாபம் குறையும், வரியும் குறையும்.

எல்லா நாடுகளுக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. ஆனால் அடி ஒரே மாதிரி விழுவதில்லை. பணக்கார நாடுகளில் மொத்த வரி வருவாயில் நிறுவன வரியின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஆப்பிரிக்க நாடுகளில் ஐந்தில் ஒன்று. தனிநபர் வருமான வரி கட்டக்கூடிய மாதச் சம்பளக்காரர்கள் அங்கே குறைவு என்பதால், ஒரு சில பெரிய நிறுவனங்களை நம்பித்தான் கஜானா ஓடுகிறது. லாபத்தை இப்படி நகர்த்துவதால் (லாப மாற்றம்) வளரும் நாடுகளுக்கு நீண்ட கால நோக்கில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1.3 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 கோடி டாலர் இழப்பு என்று சர்வதேச நிதியத்தின் ஆய்வாளர்கள் 2015ல் கணக்கிட்டார்கள். எந்தக் கணக்கும் இதில் உத்தேசம்தான். ஆனால் அதில் பாதிதான் உண்மை என்றாலும், எத்தனை ஆசிரியர் சம்பளம், எத்தனை ஆரம்ப சுகாதார நிலையம் என்று யோசித்தால் மனசு கனத்துப்போகும்.

இதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் மருந்து, உறவில்லாத இரண்டு பேர் பேரம் பேசினால் என்ன விலை வருமோ அந்த விலையைத்தான் சகோதர நிறுவனங்களும் போட வேண்டும் என்ற கொள்கை. ஓஇசிடி என்கிற பணக்கார நாடுகளின் அமைப்பு இதற்குத் தடிமனான வழிகாட்டியே வைத்திருக்கிறது. இந்தியா 2001ல் தன் வருமான வரிச் சட்டத்தில் இதைச் சேர்த்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அந்தச் 'சந்தை விலை'யை யார் நிரூபிப்பது? ஒப்பிடுவதற்கு உறவில்லாத நிறுவனங்களின் விற்பனை விவரம் வேண்டும். அந்தத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்ட வேண்டும். அதில் இருப்பதும் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் கணக்குதான். ஆப்பிரிக்காவில் ஒரு பூக்களை ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு ஐரோப்பாவில் எதை ஒப்பிடுவது? நிறுவனம் பெரிய கணக்காய்வு நிறுவனங்களைக் கொண்டு கத்தை கத்தையாக அறிக்கை கொண்டுவரும். எதிரே இருப்பது கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய அதிகாரிகள்.

இருந்தும் இந்த ஆட்டத்தில் ஜெயித்த ஒரு வழக்கு இருக்கிறது. ஜாம்பியாவின் மோபானி தாமிரச் சுரங்க வழக்கு. நான் மேலே சொன்ன கற்பனைக் கணக்கு ஏறக்குறைய இதே சாயலில்தான் இருக்கும். மோபானியின் பெரும்பான்மைப் பங்கு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிளென்கோர் குழுமத்திடம் இருந்தது. சுரங்கம் எடுத்த தாமிரத்தில் பெரும்பகுதியை அதே குழுமத்தின் சுவிஸ் நிறுவனத்துக்கு விற்றது. நார்வேயின் உதவியோடு ஜாம்பிய வரித்துறை கணக்கைத் தணிக்கை செய்தபோது ஒன்று கண்ணில் பட்டது: மோபானி வெளியாட்களுக்கு விற்ற விலைக்கும் சொந்தக் குழுமத்துக்கு விற்ற விலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. இந்த இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பியத் தரவுத்தளம் எதுவும் தேவைப்படவில்லை. ஒப்பீடு அந்த நிறுவனத்தின் சொந்தப் புத்தகத்திலேயே கிடைத்துவிட்டது.

2006 முதல் 2009 வரையிலான ஆண்டுகளுக்கு வரித்துறை கூடுதல் வரி கேட்டது. விலை ஏற்ற இறக்கத்தின் அபாயத்தைச் சுவிஸ் நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது, அதனால்தான் விலை குறைவு என்று நிறுவனம் வாதாடியது. வழக்கு கீழிருந்து மேலே ஏறி, 2020 மே மாதம் ஜாம்பிய உச்ச நீதிமன்றம் வரித்துறைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தொகை சுமார் 1.3 கோடி டாலர். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் உள்ள ஒரு வரி பல கோடிக்குப் பெறும்: விலை நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் மேல்தான் இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. தகவல் எல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, நிரூபிக்கும் சுமையை அரசின் தலையில் வைத்தால் எந்த ஏழை நாடும் ஜெயிக்க முடியாது.

அதே நேரம், 2006ஆம் ஆண்டுக் கணக்குக்கு 2020ல் தீர்ப்பு. ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் இப்படிப் பதினான்கு ஆண்டு போராட முடியாது. ஜாம்பியா அதற்குள்ளாகவே வேறு ஒரு வேலையும் செய்திருந்தது. 2008ல், சகோதர நிறுவனங்களுக்கு விற்கும் தாமிரத்துக்கு லண்டன் உலோகச் சந்தையின் விலையை வைத்துத்தான் வரி கணக்கிடப்படும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. விலைப்பட்டியலில் என்ன போட்டாலும் சரி, வரிக்கு லண்டன் விலைதான். எந்த அதிகாரியும் எந்தத் தரவுத்தளத்தையும் தேட வேண்டியதில்லை. விலை தினமும் ஊரறிய வெளியாகிறது.

இந்த யோசனைக்கு முன்னோடி அர்ஜென்டினா. அங்கே தானிய ஏற்றுமதியில் ஒரு நூதன வழி இருந்தது. உண்மையில் கப்பல் ஏறும் நாளில் சோயா விலை உயர்ந்திருக்கும். ஆனால் ஒப்பந்தம் சில மாதங்களுக்கு முன்பே, விலை குறைவாக இருந்த ஒரு நாளில் போடப்பட்டதாகக் காகிதம் காட்டும். வாங்குவது வெளிநாட்டில் இருக்கும் சகோதர நிறுவனம் என்பதால் ஒப்பந்தத் தேதியை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2003ல் அர்ஜென்டினா சட்டத்தை மாற்றியது: நடுவில் உண்மையான தொழில் எதுவும் செய்யாத இடைத்தரகு நிறுவனம் இருந்தால், சரக்கு கப்பலில் ஏறும் நாளின் சந்தை விலை கணக்கில் எடுக்கப்படும். ஓஇசிடி வழிகாட்டியில் ஐந்து முறைகள்தான் இருந்தன என்பதால் இதற்கு 'ஆறாவது முறை' என்றே பெயர் வந்துவிட்டது. பிறகு லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகள் இதைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொண்டன. இந்தோனேசியா நிலக்கரிக்கு அரசே ஒரு குறியீட்டு விலையை அறிவிக்கிறது.

இதே பாணியில் இன்னும் சில. டொமினிக்கன் குடியரசில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கட்டணம் வாங்கும் கடற்கரை விடுதிகள் தங்கள் அறைகளை வெளிநாட்டில் இருக்கும் சொந்த விற்பனை நிறுவனத்துக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவந்தன. சுற்றுலாப் பயணி முழுப் பணத்தையும் அந்த வெளிநாட்டு நிறுவனத்திடம்தான் கட்டுவார். அரசு ஒவ்வொரு விடுதியாகச் சண்டை போடாமல், விடுதிகள் சங்கத்தோடு பேசி அறை விலைக்கு ஒரு குறைந்தபட்ச அளவை வைத்தது. மெக்சிகோ, எல்லையோரத் தொழிற்சாலைகள் தங்கள் செலவில் 6.5 சதவீதம் அல்லது சொத்தில் 6.9 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதை லாபமாகக் காட்டிவிட்டால் போதும் என்று வைத்தது. பிரேசில் 1997 முதல் எல்லாத் துறைகளுக்கும் நிலையான லாப விகிதங்களைச் சட்டத்தில் போட்டு நடத்திவந்தது. ஓஇசிடியில் சேரும் முயற்சியில் இறங்கியபின், 2023ல் சட்டத்தை மாற்றி அந்த முறையைக் கைவிட்டது.

நிபுணர்கள் இந்த முறைகளைக் குறை சொல்வார்கள். ஒரே விகிதம் ஒரு நிறுவனத்துக்கு அநியாயமாக அதிகமாகவும் இன்னொன்றுக்குச் சலுகையாகவும் அமைந்துவிடும் என்பது உண்மைதான். நிலையான விகிதம் தெரிந்ததும் அதற்கேற்பக் கணக்கை வளைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. ஆனாலும் பொதுச் சந்தை விலை தெரிகிற தாமிரம், நிலக்கரி, சோயா போன்ற பொருள்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகள் சுரங்கத் துறையில் மட்டும் லாப மாற்றத்தால் ஆண்டுக்கு 45 கோடி முதல் 73 கோடி டாலர் வரை இழக்கின்றன என்று சர்வதேச நிதியம் 2021ல் மதிப்பிட்டது. அதில் ஒரு நல்ல பகுதியை இப்படிப்பட்ட நேரடி விதியாலேயே அடைத்துவிடலாம்.

வட்டிக்கும் இதே எளிமை பொருந்தும். 'இந்தக் கடனுக்கு இந்த வட்டி நியாயமா' என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வட்டியைச் செலவாகக் காட்ட முடியாது என்று உச்சவரம்பு வைப்பது. இந்தியா 2017ல் சகோதர நிறுவனக் கடன்களுக்கு இதைக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்க நாடுகள் பலவும் வைத்திருக்கின்றன. ராயல்டிக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் பணம் நாட்டைவிட்டு வெளியேறும் வாசலிலேயே ஒரு பங்கை வரியாகப் பிடித்துக்கொள்வதுதான் பழைய, நல்ல வழி. சேவைக் கட்டணத்துக்கு அப்படிப் பிடிக்கும் உரிமையை ஐ.நா.வின் மாதிரி வரி ஒப்பந்தம் (நாடுகள் தங்களுக்குள் வரி ஒப்பந்தம் போடும்போது பார்த்து எழுதும் வரைவு) 2017ல் தனிப் பிரிவாகவே சேர்த்தது.

ஆனால் வாசலில் பிடிக்க முடியாதபடி நாடுகள் தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கின்றன. இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களைத்தான் சொல்கிறேன். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டில் வரி கட்ட வேண்டாம் என்பது நல்ல நோக்கம். ஆனால் எதிர்த் தரப்பில் இருக்கும் நாடு வரியே போடாத நாடாக இருந்தால், இரட்டை வரி போய் வரியே இல்லாமல் ஆகிவிடுகிறது. இந்தியா மொரீஷியஸோடு 1982ல் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியப் பங்குகளை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு மொரீஷியஸ்தான் வரி போடலாம். மொரீஷியஸ் அப்படி வரி போடுவதில்லை. விளைவு, சில பத்தாண்டுகளாக இந்தியாவுக்குள் வந்த நேரடி அந்நிய முதலீட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சின்னத் தீவு வழியாக வந்ததாகக் கணக்கு காட்டியது. 2003ல் இந்திய உச்ச நீதிமன்றமும் அந்த வழியை ஏற்றுக்கொண்டது. 2016 மே மாதம்தான் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கப்படும் பங்குகளுக்கு இந்தியா வரி போடும் உரிமை திரும்பக் கிடைத்தது. வரியைத் தவிர்ப்பதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட ஏற்பாடுகளைப் புறக்கணிக்க அதிகாரிகளுக்கு உரிமை தரும் பொதுத் தவிர்ப்பெதிர்ப்பு விதியும் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது.

மற்ற நாடுகள் இன்னும் கறாராக நடந்திருக்கின்றன. இந்தோனேசியா 2005லேயே மொரீஷியஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மங்கோலியா நெதர்லாந்தோடும் லக்சம்பர்க்கோடும் இருந்த ஒப்பந்தங்களை ரத்து செய்தது. செனகலும் ஜாம்பியாவும் 2020ஐ ஒட்டி மொரீஷியஸ் ஒப்பந்தங்களிலிருந்து வெளியேறின. கென்யாவில் நடந்தது சுவாரசியமானது. வரி நீதிக்காகப் போராடும் ஓர் ஆப்பிரிக்கக் குடிமை அமைப்பு நீதிமன்றம் போனது. அரசு மொரீஷியஸோடு போட்ட ஒப்பந்தத்தைச் சட்டப்படி நாடாளுமன்றத்தின் முன் வைக்கவில்லை என்று 2019ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது. சில வாரங்களிலேயே புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனாலும், இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் குடிமக்களின் பிரதிநிதிகள் பார்க்க வேண்டியவை என்பது அங்கே பதிவாகிவிட்டது. ஓர் ஒப்பந்தத்தை முறித்தால் முதலீடு ஓடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். தாமிரமும் தங்கமும் எண்ணெயும் இருக்கிற இடத்தை விட்டு எங்கே ஓடும் என்பதுதான் என் பதில்.

இதோடு ஒட்டிய இன்னொரு சண்டை, சொத்தை நேரடியாக விற்காமல், அந்தச் சொத்தை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தை விற்பது. 2007ல் வோடஃபோன், ஹட்சிசன் குழுமத்தின் இந்தியத் தொலைபேசித் தொழிலைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு. கோபுரங்கள், வாடிக்கையாளர்கள், உரிமங்கள் எல்லாம் இந்தியாவில். வருமான வரித்துறை வரி கேட்டது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அன்றைய சட்டப்படி வரி போட முடியாது என்று சொன்னது. அரசு அடுத்த சில மாதங்களில் சட்டத்தைத் திருத்தியது. அது சரிதான். ஆனால் அந்தத் திருத்தத்தை 1962 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டது. அங்கேதான் பிசகியது. 2020ல் சர்வதேச நடுவர் மன்றங்கள் வோடஃபோன் வழக்கிலும், இதே திருத்தத்தில் சிக்கிய கெய்ர்ன் என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்தின் வழக்கிலும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. கெய்ர்னுக்குத் தர வேண்டியதாகச் சொல்லப்பட்ட தொகை 120 கோடி டாலர். 2021 ஆகஸ்டில் முன்தேதியிட்ட வரியை இந்தியா சட்டம் போட்டுக் கைவிட்டது. இனி நடக்கும் விற்பனைகளுக்கு வரி என்ற விதி மட்டும் இன்றும் நிற்கிறது. முதலிலேயே அதோடு நிறுத்தியிருந்தால், அத்தனை ஆண்டு அலைச்சலும் கெட்ட பெயரும் மிச்சம்.

உகாண்டாவின் கதை வேறு மாதிரி போனது. ஹெரிட்டேஜ் என்ற எண்ணெய் நிறுவனம் 2010ல் தன் உகாண்டா எண்ணெய் வயல் பங்குகளை விற்றபோது, உகாண்டா வரி கேட்டது. நிறுவனம் பஹாமாஸிலிருந்து மொரீஷியஸுக்கு இடம் மாறி ஒப்பந்தப் பாதுகாப்பைத் தேடியது. ஆனால் விற்றது உகாண்டா மண்ணில் இருக்கும் உரிமம். 40 கோடி டாலருக்கு மேல் வந்த வரியை உகாண்டா விடவில்லை. லண்டனில் நடந்த நடுவர் விசாரணையிலும் ஜெயித்தது. ஜெய்ன் நிறுவனம் தன் ஆப்பிரிக்கத் தொலைபேசித் தொழிலை ஏர்டெல்லுக்கு விற்றபோதும், நெதர்லாந்து வழியாக நடந்த அந்த விற்பனையில் தனக்கு வரி போட அதிகாரம் உண்டு என்று 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உகாண்டா நிலைநாட்டியது. ஏற்கெனவே இருந்த சட்டத்தை வைத்தே வாதாடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோபம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு தான்சானியா உதாரணம். 2017ல் அதிபர் மகுஃபுலி, தங்கத் தாது ஏற்றுமதியில் அளவைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று சொல்லித் துறைமுகத்தில் கன்டெய்னர்களை நிறுத்தினார். அகேசியா சுரங்க நிறுவனத்துக்கு வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 19,000 கோடி டாலர் வரி நோட்டீஸ் போனது. அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வரும் தொகை அது. கடைசியில் 2020 ஜனவரியில் தாய் நிறுவனமான பாரிக்கோடு சமரசம்: 30 கோடி டாலர், சுரங்கங்களில் அரசுக்கு 16 சதவீதப் பங்கு, பொருளாதாரப் பலனில் பாதி. அந்தச் சமரசத்தைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். 16 சதவீதப் பங்கு சாதாரணமில்லை. ஆனால் மூன்று ஆண்டு ஏற்றுமதித் தகராறில் வேலை இழந்தவர்கள் உள்ளூர் மக்கள்தான். அந்த நோட்டீஸில் நிற்கக்கூடிய தொகை இருந்திருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் இன்னும் பலம் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ஆள் பலம். சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு சுரங்கக் கணக்கை உட்கார்ந்து படித்து, 'இந்த வட்டி ஏன், இந்த ராயல்டி எந்தச் சேவைக்கு' என்று கேட்கத் தெரிந்த அதிகாரி இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. இந்த இடத்தில் நல்ல செய்தி இருக்கிறது. 2015ல் அடிஸ் அபாபாவில் ஓஇசிடியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 'எல்லையற்ற வரி ஆய்வாளர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கின. அனுபவமுள்ள தணிக்கையாளர் வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போவதில்லை. நடந்துகொண்டிருக்கும் உண்மையான தணிக்கையில் உள்ளூர் அதிகாரிகளோடு உட்கார்ந்து வேலை செய்கிறார். இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் கூடுதல் வரி வசூலாக இது உதவியிருக்கிறது. இந்தத் திட்டத்துக்கு ஆகும் செலவு அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆப்பிரிக்க வரி நிர்வாக மன்றமும் 2009 முதல் தன் உறுப்பு நாடுகளுக்குப் பயிற்சியும் மாதிரிச் சட்டங்களும் தருகிறது. இந்தியா தன் பங்குக்கு 2012ல் முன்கூட்டிய விலை உடன்பாடு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: வழக்குக்குப் போவதற்கு முன்பே நிறுவனமும் வரித்துறையும் உட்கார்ந்து, அடுத்த சில ஆண்டுகளுக்கு விலையை எப்படிக் கணக்கிடுவது என்று பேசி முடித்துவிடுவது. எண்ணூறுக்கும் மேற்பட்ட உடன்பாடுகள் கையெழுத்தாகியிருக்கின்றன. ஆனால் இதற்கும் எதிர்த் தரப்புக்குச் சமமாகப் பேசத் தெரிந்த அதிகாரிகள் வேண்டும். அவர்கள் இல்லாத நாட்டில் இது நிறுவனத்துக்குச் சாதகமாகவே முடியும். இன்னொரு வேதனை: ஐந்தாறு ஆண்டு பழகி இந்த வேலையில் தேர்ந்த அதிகாரிகளைப் பல மடங்கு சம்பளத்தில் தனியார் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைத் தக்கவைக்கத் தனிச் சம்பள விகிதம் தருவது செலவு மாதிரி தெரியும். ஒரே ஒரு வழக்கில் அது திரும்பி வந்துவிடும்.

தகவல் விஷயத்தில் முறை ஏழை நாடுகளுக்கு எதிராகவே அமைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள குழுமங்கள், ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு விற்றோம், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு வரி கட்டினோம் என்று நாடு வாரியாக அறிக்கை தர வேண்டும் என்பது 2015 முதல் வந்த விதி. அருமையான ஏற்பாடு. ஒரு தீவில் ஊழியரே இல்லாமல் கோடிக்கணக்கில் லாபம் இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் அறிக்கை போவது தாய் நிறுவனம் இருக்கும் நாட்டுக்கு. சுரங்கம் இருக்கும் நாடு அதைப் பெற வேண்டுமென்றால் பரிமாற்ற உடன்பாடு வேண்டும், தகவல் பாதுகாப்புச் சட்டம் வேண்டும், கணினி அமைப்பு வேண்டும். இதையெல்லாம் நிறைவேற்ற முடியாத நாடுகள்தான் அந்தத் தகவல் அதிகமாகத் தேவைப்படும் நாடுகள். இந்த அறிக்கைகளைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை இதனால்தான் முக்கியமாகிறது.

டிஜிட்டல் நிறுவனங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுவலகமே இல்லாமல் ஒரு நாட்டில் விளம்பரம் விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு வரி போடப் பழைய விதிகளில் இடமில்லை. இந்தியா 2016ல் இணைய விளம்பரக் கட்டணத்துக்கு 6 சதவீதச் சமன்பாட்டு வரியையும், 2020ல் வெளிநாட்டு மின்வணிகத்துக்கு 2 சதவீதத்தையும் கொண்டுவந்தது. கென்யா 2021ல் 1.5 சதவீத டிஜிட்டல் சேவை வரி போட்டது. வசூலிக்க எளிது, ஆனால் அமெரிக்கா வர்த்தகப் பதிலடி என்று மிரட்டியது. இந்தியா 2024 ஆகஸ்டில் 2 சதவீதத்தையும், 2025 ஏப்ரலில் 6 சதவீதத்தையும் நீக்கிவிட்டது. இந்த வரிகளுக்குப் பதிலாக வருவதாக இருந்தது, ஓஇசிடி முன்னின்று கொண்டுவந்த, 'தூண்கள்' எனப்படும் இரண்டு பகுதிகள் கொண்ட உலக வரி உடன்பாடு. அதன் முதல் தூண், மிகப் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் ஒரு பங்கைச் சந்தை நாடுகளுக்குப் பிரித்துத் தருவது, இதுவரை நடைமுறைக்கு வரவேயில்லை.

2021 அக்டோபரில் அந்த உடன்பாடு வந்தபோது கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நான்கும் சேரவில்லை. டிஜிட்டல் வரியைக் கைவிட்டுவிட்டு நமக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்வி நியாயமானது. பின்னால் நடந்தது அவர்களின் சந்தேகத்தைத்தான் உறுதிப்படுத்தியது.

உடன்பாட்டின் இரண்டாவது தூண் வேலை செய்கிறது. பெரிய குழுமங்கள் எந்த நாட்டிலும் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும். இதில் வளரும் நாடுகள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ஒரு நாடு வரி விடுமுறை (சில ஆண்டுகளுக்கு வரிச் சலுகை) கொடுத்து 5 சதவீதம்தான் வாங்குகிறது என்றால், மீதி 10 சதவீதத்தை வேறொரு நாடு வாங்கிக்கொள்ள முடியும். விட்டுக்கொடுத்த பணம் முதலீட்டாளருக்கும் போகாமல் இன்னொரு கஜானாவுக்குப் போய்விடும். அதைத் தடுக்க, மீதியை நாமே வசூலித்துக்கொள்ளும் உள்நாட்டுக் கூடுதல் வரி ஒன்று போடலாம். வியட்நாம் 2024 தொடக்கத்திலிருந்து போட்டுவிட்டது. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா 2025ல். 2025 ஜூனில் ஜி7 நாடுகள் அமெரிக்க நிறுவனங்களுக்கு இந்தத் தூணின் முக்கிய விதிகளிலிருந்து விலக்குத் தர ஒப்புக்கொண்டன. ஆனால் உள்நாட்டுக் கூடுதல் வரி அந்த விலக்கில் வராது. அதனால் அதைப் போடாமல் இருப்பதற்கு இப்போது காரணமே இல்லை.

இந்த விதிகளை எழுதும் இடத்தையே ஓஇசிடியிலிருந்து ஐ.நா.வுக்கு மாற்ற வேண்டும் என்பது ஆப்பிரிக்க நாடுகளின் நீண்ட நாள் கோரிக்கை. 2023 நவம்பரில் ஐ.நா. பொதுச் சபைக் குழுவில் நைஜீரியா ஆப்பிரிக்கக் குழுவின் சார்பில், உலக வரி ஒப்பந்தத்துக்கான பணியைத் தொடங்கக் கோரிக் கொண்டுவந்த தீர்மானம் 125க்கு 48 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவை பெரும்பாலும் பணக்கார நாடுகள். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா பேச்சுவார்த்தையிலிருந்தே வெளியேறியது. உலக வரி ஒப்பந்தத்தை 2027க்குள் முடிப்பதாகத் திட்டம். எல்லை தாண்டிய சேவைகளுக்கு வரி போடுவது பற்றித் தனி நெறிமுறையும் அதில் உண்டு. பணக்கார நாடுகள் சேராத ஒப்பந்தத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வளரும் நாடுகள் தங்களுக்குள் ஒரே விதியை வைத்துக்கொண்டாலே, ஒன்றை ஒன்று காட்டிப் பேரம் பேசும் நிறுவனங்களின் பிடி தளரும் என்பது என் நம்பிக்கை.

கடைசியாக, யாரும் அதிகம் பேச விரும்பாதது: வரி விடுமுறைகள். நிறுவனம் தந்திரம் செய்து தவிர்த்த வரியைவிட, முதலீட்டு அமைச்சகம் தானே முன்வந்து தள்ளிவிட்ட வரி பல நாடுகளில் அதிகம். அதுவும் பெரும்பாலும் நிதியமைச்சகத்துக்கே தெரியாத தனி ஒப்பந்தங்களில், 'இனி எந்தச் சட்டம் வந்தாலும் இந்த நிறுவனத்தின் வரி மாறாது' என்ற உறுதிமொழியோடு. அந்த ஒரு பிரிவு இருந்தால், மேலே சொன்ன லண்டன் விலை, வட்டி உச்சவரம்பு, 15 சதவீதக் கூடுதல் வரி எதுவும் அந்த நிறுவனத்தின் மேல் பாயாது. ஆகவே எந்த நாடாக இருந்தாலும், புதிய சட்டம் எழுதுவதற்கு முன், சுரங்க அமைச்சகத்திலும் முதலீட்டு வாரியத்திலும் இருக்கும் பழைய ஒப்பந்தங்களை எல்லாம் வெளியே எடுத்து, வரித்துறை அதிகாரி ஒருவரை உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்வதுதான் நான் சொல்லக்கூடிய முதல் வேலை. எந்தப் பிரிவு எந்த ஆண்டு காலாவதியாகிறது, எதை மறுபடி பேச இடமிருக்கிறது என்ற பட்டியல் கையில் வந்தபிறகு மற்றதைத் தொடங்கலாம்.